மாண்டிசோரி அம்மையார்

இத்தாலியில் 1870-ஆம் ஆண்டு பிறந்த மரியா மாண்டிசோரி அம்மையார் மருத்துவம் பயின்றவர். உரோமாபுரியின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைத் தொழிலாளரின் குழந்தைகள், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கேட்பாரற்றுத் திரிந்தனர். அவர்கள் சுவர்களைப் பாழாக்காதிருந்தால் போதும் என்பதே கட்டட உடைமையாளரின் கவலை. 1907-இல் அங்கே குழந்தைகள் இல்லம் தொடங்கிய அம்மையாரோ, அச்சிறுவர் கையில் எண்களையே கொடுத்தார். அவை 10 கோல்கள். மிகச் சிறியது 10 சென்டிமீட்டர், மிகப் பெரியது 1 மீட்டர். இரண்டின் கோலும் மூன்றின் கோலும் சேர்ந்து ஐந்தின் கோலுக்கு ஒப்பாவதைக் குழந்தைகள் தாமே கண்டனர். பின்பு எண் குறித்த அறைகளில் குச்சிகளை எண்ணி இட்டனர். பூச்சியத்தின் அறையில் இட ஒன்றுமில்லை. பெரியோரையும் மயக்கும் அக்கருத்தை வெற்றறை ஒன்றே உணர்த்திற்று! 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அம்மையார், உலகப் போர் முடியும்வரை இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர் பலரைப் பயிற்றுவித்தார். 1952-இல் ஆலந்து நாட்டில் காலமானார்.