ஒரே சொல்லுக்கு எதுக்கு மூணு பேரு? – ஓட்டோ யெஸ்பர்சன் கதை

பிளேஸ்மெண்ட் டெஸ்ட்டில் வெர்பல் பகுதி வந்தாலே நம்மில் பல பேருக்கு வயிற்றைக் கலக்கும். கோடிங் கேள்வி எவ்வளவு கஷ்டமா இருந்தாலும் கொஞ்சம் மோதிப் பார்ப்போம். அடிக்கோடிட்ட சொல் ப்ரெபொசிஷனா, கன்ஜங்ஷனா என்று கேட்டால் மட்டும் இங்கி பிங்கி பாங்கிதான்.

'பிஃபோர்' என்ற சொல்லை எடுத்துக்கோங்க. 'பிஃபோர் தி எக்ஸாம்' என்றால் பின்னால் பெயர்ச்சொல் வருகிறது. அதனால் அது ப்ரெபொசிஷன். 'பிஃபோர் தி எக்ஸாம் ஸ்டார்ட்டட்' என்றால் பின்னால் எழுவாயும் வினையும் வருகின்றன. அதனால் கன்ஜங்ஷன். 'ஐ ஹேவ் சீன் திஸ் பிஃபோர்' என்றால் பின்னால் எதுவுமே இல்லை. அதனால் அட்வெர்ப். சொல் ஒண்ணு, அர்த்தமும் ஒண்ணு, பேரு மட்டும் மூணு. இது கொஞ்சம் ஓவரா தெரியலையா?

நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு பேராசிரியருக்கும் இது ஓவராத்தான் தெரிந்தது. அவர் இங்கிலாந்துக்காரர் இல்லை, டென்மார்க்காரர். ஆங்கிலம் அவருக்கும் நம்மைப் போலவே படித்துக் கற்ற மொழிதான். பெயர் ஓட்டோ யெஸ்பர்சன்.

1860 ஜூலை 16 அன்று டென்மார்க்கின் ராண்டர்ஸ் என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயதிலேயே மொழிப் பைத்தியம். ராஸ்முஸ் ராஸ்க் என்ற டேனிஷ் மொழியியலாளர் எழுதிய இலக்கண நூல்களை வைத்துக்கொண்டு ஐஸ்லாண்டிக், இத்தாலியன், ஸ்பானிஷ் என்று தானாகவே கற்க ஆரம்பித்தார். யூட்யூப் இல்லை, ஆப் இல்லை, புத்தகம் மட்டும்தான்.

ஆனால் 1877-ல், 17 வயதில், கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவர் எடுத்தது சட்டம். மனசு ஒரு பக்கம், டிகிரி ஒரு பக்கம். இது நமக்குப் புதுசா என்ன? நாலு வருஷம் ஓட்டினார். 1881-ல் சட்டத்தை விட்டுவிட்டு முழுசாக மொழிப் படிப்புக்கு மாறினார். செலவுக்குப் பள்ளிக்கூடத்தில் பகுதி நேர ஆசிரியர் வேலை. அதோடு டென்மார்க் நாடாளுமன்றத்தில் சுருக்கெழுத்தாளர் வேலை. உறுப்பினர்கள் பேசப் பேச, பேசினது பேசினபடியே எழுதித் தரணும். இப்படித்தான் பேசியிருக்கணும் என்று திருத்துவது அந்த வேலையில் கிடையாது. பிற்காலத்தில் அவர் இலக்கணம் எழுதிய விதமும் கிட்டத்தட்ட இதேதான்.

1887-ல் முதுகலை முடித்தார். முதன்மைப் பாடம் பிரெஞ்சு. ஆங்கிலமும் லத்தீனும் துணைப் பாடங்கள். அதற்கப்புறம் இங்கிலாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் என்று ஒரு சுற்று. ஹென்றி ஸ்வீட், பால் பாசி போன்ற ஒலியியல் அறிஞர்களைச் சந்தித்தார். அகராதியில் உச்சரிப்புக்காகப் போட்டிருக்கும் விசித்திர எழுத்துகளைப் பார்த்திருப்பீங்க. எல்லா மொழிக்கும் பொதுவாக அப்படி ஒரு ஒலி எழுத்துமுறை வேண்டும் என்ற யோசனையை 1886-லேயே பாசிக்குக் கடிதமாக எழுதியவர் இவர். ஊர் திரும்பி ஆங்கில வேற்றுமைகளைப் பற்றி ஆய்வு செய்து 1891-ல் முனைவர் ஆனார். 1893-ல் கோபன்ஹேகனிலேயே ஆங்கிலப் பேராசிரியர். 1925 வரை அதே நாற்காலி.

அந்தக் காலத்து ஆங்கில இலக்கணம் எப்படி இருந்தது தெரியுமா? லத்தீன் சட்டையை எடுத்து ஆங்கிலத்துக்கு மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. கை நீளமா இருக்கே என்றால், சட்டை சரிதான், கைதான் குட்டை என்பார்கள். லத்தீனில் நிறைய விகுதிகள் உண்டு, ஆங்கிலம் அவற்றை உதிர்த்துவிட்டது, ஆகவே ஆங்கிலம் தேய்ந்துபோன மொழி என்ற எண்ணமும் அப்போது பலமாக இருந்தது. 1894-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் யெஸ்பர்சன் இதைத் தலைகீழாக்கினார். குறைந்த உருபுகளை வைத்துக்கொண்டு அதே வேலையை முடிப்பது தேய்வு இல்லை, முன்னேற்றம் என்றார். உருபுகள் நிறைந்த தமிழைப் பேசுகிற நாம் அதை அப்படியே ஏத்துக்கணும்னு அவசியம் இல்லை. ஆனால் ஒரு மொழியை இன்னொரு மொழியின் அளவுகோலால் அளக்காதே என்ற பகுதி நமக்கும் சேர்த்துத்தான்.

இப்போ நம்ம 'பிஃபோர்' கதைக்கு வருவோம். 1924-ல் 'தி ஃபிலாசஃபி ஆஃப் கிராமர்' என்ற நூலை வெளியிட்டார். அதில் அவர் வைத்த வாதம் ரொம்ப எளிமையானது. வினைச்சொற்களைப் பாருங்கள். 'ஐ அண்டர்ஸ்டாண்ட்' – பின்னால் எதுவும் இல்லை. 'ஐ அண்டர்ஸ்டாண்ட் தி ப்ராப்ளம்' – பின்னால் பெயர். 'ஐ அண்டர்ஸ்டாண்ட் வொய் ஹீ லெஃப்ட்' – பின்னால் ஒரு கிளாஸ். உதாரணம் நான் போட்டது, வாதம் அவருடையது. மூன்று இடத்திலும் 'அண்டர்ஸ்டாண்ட்' வினைச்சொல்தான். அதற்கு யாரும் மூன்று பெயர் வைக்கவில்லை. அப்படியிருக்க 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'சின்ஸ்' மட்டும் என்ன பாவம் செய்தன? பின்னால் வருவது மாறுகிறது, சொல் மாறவில்லை. ஆகவே இவை எல்லாம் ஒரே வகை, பார்ட்டிகிள் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார்.

நம்ம பாஷையில் சொன்னால் ஃபங்ஷன் ஓவர்லோடிங். ஃபங்ஷன் பேரு ஒண்ணுதான், ஆர்க்யுமெண்ட் மட்டும் வேற வேற.

தமிழில் யோசித்தால் இன்னும் சுலபம். 'தேர்வுக்கு முன்', 'தேர்வு தொடங்கும் முன்' – இந்த இரண்டு 'முன்'னும் வேற வேற சொல்லாகவா தோணுது?

இந்தக் கண்ணோட்டத்தோடு பார்த்தால், தேர்வில் நம்மைக் குழப்பும் இன்னொரு விஷயமும் பிடிபடும். கன்ஜங்ஷனுக்குப் பின்னால் முழு வாக்கியம்தான் வரணும் என்று பள்ளியில் படித்தோம். அப்போ 'வென் இன் டவுட்', 'வைல் இன் தி லேப்' எப்படி சரியாகும்? கன்ஜங்ஷனுக்குப் பின்னாலேயே ப்ரெபொசிஷன் நிற்கிறதே! நடுவில் 'யூ ஆர்' மாதிரி ஒரு எழுவாயும் 'பீ' வினையும் மறைந்திருக்கிறது, அவ்ளோதான். மறைந்திருக்கும் எழுவாய் பொதுவாக அடுத்த பகுதியின் எழுவாயாகவே இருக்கணும். அதனால்தான் 'வைல் இன் தி லேப், மை ஃபோன் ராங்' என்று எழுதினால் லேபில் இருந்தது நீங்களா, உங்கள் ஃபோனா என்ற சந்தேகம் வரும். 'வென்', 'வைல்', 'இஃப்', 'தோ' ஆகியவை இப்படிச் சுருங்கும். 'பிகாஸ் இன் தி லேப்' என்று சுருக்க முடியாது. 'சின்ஸ் பிஃபோர் தி எக்ஸாம்' என்பதில் ஒரு ப்ரெபொசிஷனுக்குப் பின்னால் இன்னொரு ப்ரெபொசிஷன் தொடரே வந்து உட்காருகிறது. 'அண்ட்', 'ஆர்' இரண்டும் தனிக் கதை. அவை 'இன் தி லேப் அண்ட் இன் தி ஹாஸ்டல்' என்பது போலச் சமமான இரண்டைச் சேர்த்து வைப்பவை. ஆக, கேட்க வேண்டிய கேள்வி இந்தச் சொல்லின் பேர் என்ன என்பது இல்லை. இந்தச் சொல் தனக்குப் பின்னால் எதையெல்லாம் ஏற்கும் என்பதுதான்.

மனுஷன் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று சொல்ல முடியாது. 1922-ல் வந்த 'லாங்குவேஜ்' நூலில் பெண்களின் பேச்சைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதினார். போதுமான ஆதாரம் இல்லாமல் பொத்தாம்பொதுவாகப் பேசிவிட்டார் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் விமர்சித்தார்கள். அது நியாயமான விமர்சனம்தான். 1928-ல் 'நோவியால்' என்று ஒரு உலகப் பொதுமொழியையே உருவாக்கினார். அது பரவவில்லை.

அவருடைய பெரிய வேலை ஏழு தொகுதிகள் கொண்ட 'எ மாடர்ன் இங்கிலீஷ் கிராமர்'. முதல் தொகுதி 1909-ல் வந்தது. எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறு என்று நாம் ஆங்கிலத்தைத் திட்டுவோமே, அதற்கு முக்கியக் காரணமான உயிரொலி மாற்றத்துக்கு 'கிரேட் வவல் ஷிஃப்ட்' என்று பெயர் வைத்தது இவர்தான். இரண்டாம் தொகுதி 1914-ல். மூன்றாவது 1927-ல்தான் வந்தது. எழுத்தாளர்கள் உண்மையில் எழுதிய வாக்கியங்களைப் பொறுக்கி, துண்டுச் சீட்டுகளில் சேர்த்து, அதிலிருந்து விதியைக் கண்டுபிடிப்பது அவர் முறை. முதலில் டேட்டா, அப்புறம்தான் ரூல்.

1940-ல் ஜெர்மன் படை டென்மார்க்குக்குள் நுழைந்தது. அந்த ஆக்கிரமிப்பு முடிவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1943 ஏப்ரல் 30 அன்று, 82 வயதில், ரோஸ்கில்டேயில் இறந்தார். கடைசித் தொகுதியை நீல்ஸ் ஹைஸ்லுண்ட் முடித்துக் கொடுக்க, 1949-ல் அது வெளிவந்தது.

பள்ளி இலக்கணம் யெஸ்பர்சன் சொன்னதைக் கேட்கவில்லை. இன்னமும் மூணு பேருதான். ஆனால் 2002-ல் வெளிவந்த 'கேம்பிரிட்ஜ் கிராமர் ஆஃப் தி இங்கிலீஷ் லாங்குவேஜ்' அவருடைய வாதத்தை எடுத்துக்கொண்டு, 'பிஃபோர்', 'ஆஃப்டர்' போன்றவற்றை எல்லா இடத்திலும் ப்ரெபொசிஷன் என்றே வகைப்படுத்துகிறது. இன்னொன்றும் உங்கள் லேப்டாப்பிலேயே இருக்கிறது. என்.எல்.டி.கே-யில் ஒரு ஆங்கில வாக்கியத்தைப் போட்டு டேக் பண்ணிப் பாருங்கள். அது பயன்படுத்தும் பென் ட்ரீபேங்க் டேக் பட்டியலில் ப்ரெபொசிஷனுக்கும் 'பிகாஸ்', 'இஃப்' வகைக் கன்ஜங்ஷனுக்கும் சேர்த்து ஒரே டேக்தான்: 'ஐ.என்'.

அதனால், அடுத்த தடவை வெர்பல் கேள்வியில் 'பிஃபோர்' வந்தால் பயப்படாதீங்க. பின்னால் பெயரா, கிளாஸா என்று பார்த்து, அவங்க கேட்கிற விடையை டிக் பண்ணிட்டு மார்க்கை வாங்கிடுங்க. இலக்கணம் வரலை, அதனால் இங்கிலீஷ் நமக்கு வராது என்று மட்டும் முடிவு கட்டிடாதீங்க. நீங்க குழம்பின அதே இடத்தில், முப்பது வருஷம் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த ஒருத்தரும் நின்று, இது ஏன் இப்படி என்று கேட்டிருக்கிறார்.