துர்காபாய் தேஷ்முக்

துர்காபாய் தேஷ்முக் (ஜூலை 15, 1909 – மே 9, 1981) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும், வழக்கறிஞரும், சமூக சேவகரும் ஆவார். பள்ளிப் படிப்பை இடையில் இழந்த பெண்கள் மீண்டும் கற்று உயர்கல்வியையும் வேலைவாய்ப்பையும் அடைய வழிவகுத்த திட்டங்களுக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

இளமைக்காலம்

ராஜமுந்திரியில் பிறந்த இவருக்கு 8 வயதில் திருமணம் செய்து வைக்கப்பட்டது. பின்னர் அத்திருமண உறவிலிருந்து இவர் விலகினார். 1930 இல் சென்னையில் உப்புச் சத்தியாக்கிரகத்தில் பங்கேற்றுச் சிறை சென்றார்.

கல்வி

விடுதலைக்குப் பின், காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிக்குலேசன் தேர்வைத் தனித்தேர்வராக எழுதித் தேறினார். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் சேர முயன்றபோது, பெண்களுக்கு விடுதி இல்லாதது தடையாக இருந்தது. இதே காரணத்தால் படிக்க இயலாதிருந்த பெண்களை நாளிதழ் விளம்பரம் மூலம் ஒன்றுதிரட்டி, விடுதி ஒன்றை அமைத்துக் கல்வியைத் தொடர்ந்தார். அரசியல் அறிவியலில் முதுகலைப் பட்டம் பெற்றபின் சென்னையில் சட்டம் பயின்று, 1942 இல் பட்டம் பெற்று வழக்கறிஞரானார்.

ஆந்திர மகிளா சபா

1937 இல் சென்னையில் ஆந்திர மகிளா சபாவைத் தோற்றுவித்தார். மயிலாப்பூர் லஸ் பகுதியில் வளர்ந்த இவ்வமைப்பின் பணிகள் பின்னர் அடையாறுக்கும் விரிந்தன. கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டோர், வயது கடந்ததால் பள்ளியில் சேர இயலாதோர் ஆகியோருக்குத் தொழிற்பயிற்சியும் கல்வியும் இங்கு அளிக்கப்பட்டன. தாம் எழுதிய அதே மெட்ரிக்குலேசன் தேர்வுக்குப் பெண்களை ஆயத்தப்படுத்தும் வகுப்புகளையும் இவர் நடத்தினார்.

கொள்கைப் பணிகள்

இவர் அரசியலமைப்பு நிர்ணய மன்றத்திலும் திட்டக் குழுவிலும் உறுப்பினராக இருந்தார். 1953 இல் மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரானார். அவ்வாண்டிலேயே நிதியமைச்சர் சி. து. தேஷ்முக்கை மணந்தார்.

அக்காலத்தில் கிராமப்புறங்களுக்கு ஆசிரியைகளும் செவிலியரும் தேவைப்பட்டனர். ஆனால் அப்பயிற்சிகளில் சேரத் தகுதியான கல்வி பெற்ற பெண்கள் போதிய அளவில் இல்லை. சென்னை வகுப்புகளில் கிடைத்த பட்டறிவைக் கொண்டு, வயதுவந்த பெண்களுக்கான சுருக்கக் கல்வித் திட்டத்தை வாரியம் 1958 இல் தொடங்கியது. பல ஆண்டுப் பள்ளிப் பாடங்களை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் கற்பித்துப் பொதுத்தேர்வு எழுத வைப்பது இதன் முறையாகும். இதற்கான நிதி தொண்டு நிறுவனங்கள் வழியாக வழங்கப்பட்டது.

1958 இல் அமைக்கப்பட்ட தேசியப் பெண்கல்விக் குழுவுக்கும் இவர் தலைமை வகித்தார். பெண்கல்வியைத் தனிச் சிக்கலாகக் கருதி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையிலான கல்வி இடைவெளியை விரைந்து குறைக்க வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது.

சிறப்புகள்

இவருக்கு 1975 இல் பத்ம விபூசண் விருது வழங்கப்பட்டது. சென்னையில் அடையாற்றுப் பாலத்தை நோக்கிச் செல்லும் சாலை இவர் பெயரைத் தாங்கியுள்ளது.