ராமன் லம்பா: தலைக்காயம் உணர்த்தும் பாடம்

ராமன் லம்பா 1960 ஜனவரி 2 அன்று மீரட்டில் பிறந்தார். டெல்லி அணியின் தொடக்க ஆட்டக்காரராக விளங்கிய இவர், இந்தியாவுக்காக 4 டெஸ்ட் போட்டிகளிலும் 32 ஒருநாள் போட்டிகளிலும் ஆடினார். பின்னர் வங்கதேச லீக் போட்டிகளிலும் பங்கேற்றார்.

1998 பிப்ரவரி 20 அன்று டாக்காவில் நடைபெற்ற ஆட்டத்தில், மட்டையாளருக்கு மிக அருகில் தடுப்பாட்டக்காரராக நின்றார். ஓவரில் சில பந்துகளே எஞ்சியிருந்தமையால் தலைக்கவசம் தேவையில்லை எனக் கருதினார். மட்டையில் பட்டு விரைந்த பந்து அவர் தலையைத் தாக்கியது. எழுந்து, தாமே நடந்து ஓய்வறைக்குச் சென்றார். சற்று நேரத்தில் நிலை மோசமடைந்து நினைவிழந்தார். மூளைப் பகுதியில் இரத்தக்கசிவு ஏற்பட்டிருந்தது. அறுவை சிகிச்சை பலனளிக்காமல், பிப்ரவரி 23 அன்று தமது 38ஆம் வயதில் காலமானார்.

அடிபட்டவர் நடப்பதும் பேசுவதும் ஆபத்து நீங்கியதற்கு அடையாளம் அல்ல என்பதை நீங்கள் நினைவில் கொள்ள வேண்டும். மண்டையோட்டுக்குள் கசியும் இரத்தம் சிறிது சிறிதாகச் சேர்ந்து மூளையை அழுத்தக்கூடும். இக்கசிவையும் எலும்பு முறிவையும் சி.டி. ஸ்கேன் சில நிமிடங்களில் காட்டிவிடும். ஆனால் மூளை அதிர்ச்சி பெரும்பாலும் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களில் தென்படாது, மருத்துவர் அறிகுறிகளைக் கொண்டே அதனைக் கண்டறிகிறார். எனவே ஸ்கேன் இயல்பாக இருப்பினும், மருத்துவர் அனுமதிக்கும் வரை விளையாடுதல் கூடாது.

வேப்பம்பட்டு மைதானத்தில் உங்கள் பிள்ளைக்குத் தலையில் அடிபட்டால், உடனே ஆட்டத்திலிருந்து வெளியேற்றுங்கள்; தனியே விடாதீர்கள். கடும் தலைவலி, தொடர் வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதமின்றி 108 எண்ணை அழையுங்கள்.