தயிரை நம்பிய நோபல் விஞ்ஞானி: குடல் பாக்டீரியா விஷயத்தில் மெச்னிகோவ் எங்கே சறுக்கினார்?

சூப்பர் மார்க்கெட் ஃப்ரிட்ஜில் வரிசையாக நிற்கும் புரோபயாடிக் பாட்டில்களைப் பார்த்திருப்பீங்க. நல்ல பாக்டீரியாவைச் சாப்பிட்டால் உடம்புக்கு நல்லது என்ற எண்ணத்தை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியவர் இல்யா மெச்னிகோவ். நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானி. ஆனாலும், நம் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாவைப் பற்றி ஒரு பெரிய தப்புக்கணக்கும் போட்டார்.

யார் இவர்?

இன்றைய உக்ரைனின் கார்கிவ் அருகே 1845-ல் பிறந்தவர். விலங்கியல் படித்து, இளம் வயதிலேயே ஒடெசாவில் பேராசிரியர் ஆனார். ஆனால், வீட்டில் நோய் விடாமல் துரத்தியது. 1869-ல் லுட்மிலாவுடன் திருமணம். மணப்பெண்ணுக்குக் காசநோய். நடக்கத் தெம்பில்லாததால் நாற்காலியில் வைத்துத்தான் தேவாலயத்துக்குள் தூக்கி வந்தார்கள். 1873-ல் அவர் இறந்துபோக, மெச்னிகோவ் மனம் உடைந்துபோனார். பிறகு, இரண்டாவது மனைவி ஓல்காவை டைஃபாய்டு படுக்கையில் தள்ளியது. நல்லவேளை, அவர் பிழைத்துக்கொண்டார்.

ரோஜா முள் சோதனை

1882, இத்தாலியின் மெசினா நகரம். வீட்டில் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட, மெச்னிகோவ் மட்டும் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மாதிரி உடம்பு கொண்ட நட்சத்திர மீன் லார்வாவுக்குள் ஒரு ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், முள்ளைச் சுற்றிலும் செல்கள் மொய்த்துக் கிடந்தன. நம் ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களும் இப்படித்தான் கிருமிகளைச் சூழ்ந்து விழுங்குகின்றன என்று அவர் விளக்கினார். 1888-ல் பாரிஸின் பாஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். 1908-ல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

காலரா கிருமியைக் குடித்தவர்

1892-ல் பிரான்ஸில் காலரா பரவியபோது, அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், அதே சோதனைக்கு முன்வந்த இன்னொருவர் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். ஒரே கிருமி, ஆளுக்கொரு முடிவு. ஏன்?

ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தபோது, சில பாக்டீரியாக்கள் காலரா கிருமியின் வளர்ச்சிக்குத் துணைபோயின. சில அதை அடக்கின. அதாவது, குடலில் ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் நோயின் போக்கு மாறலாம். இந்த இடம்வரை அவர் போன பாதை சரி.

எங்கே சறுக்கினார்?

பிற்காலத்தில் அவர் கவனம் முதுமைப் பக்கம் திரும்பியது. பெருங்குடல் தேவையில்லாத ஓர் உறுப்பு, அங்குள்ள பாக்டீரியா உணவை அழுகவைத்து நஞ்சை உண்டாக்குகிறது, அது ரத்தத்தில் கலந்து உடலை மூப்படையச் செய்கிறது என்று நம்பினார். அவர் சொன்ன தீர்வு, பல்கேரிய மக்கள் சாப்பிட்ட புளித்த பால். அதிலுள்ள பாக்டீரியா லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி அழுகலைத் தடுக்கும் என்பது அவர் கணக்கு. 1904-ல் பாரிஸில் இதைப் பற்றிப் பேசியதும் ஊரெங்கும் தயிர் மோகம் கிளம்பியது. அவரும் தினமும் சாப்பிட்டார்.

விபரீதமும் நடந்தது. லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், மலச்சிக்கல்காரர்களின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார்.

மெச்னிகோவ் 1916-ல் தன் 71-வது வயதில் இதயக் கோளாறால் இறந்தார். அவரது அஸ்தி இன்றும் பாஸ்டர் நிறுவன நூலகத்தில் இருக்கிறது.

இன்றைய அறிவியல் என்ன சொல்கிறது?

அவர் குப்பைத்தொட்டியாக நினைத்த பெருங்குடலில்தான் காவல் வேலை நடக்கிறது. குடலின் உள்சுவர் ஒரே ஓர் அடுக்கு செல்களால் ஆனது. அதன்மேல் வழவழப்பான சளிப்படலம். நாம் சாப்பிடும் நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது. அங்குள்ள பாக்டீரியா அதை நொதிக்கவைத்து, பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகிறது. பெருங்குடல் செல்களுக்கு முக்கிய எரிபொருளே இதுதான். செல்களுக்கு இடையிலான பிணைப்பு இறுகவும் இது உதவுகிறது. நார்ச்சத்து கிடைக்காவிட்டால் சில பாக்டீரியாக்கள் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கும் என்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

அப்போ தயிர் வேஸ்ட்டா? இல்லை, நல்ல உணவுதான். ஆனால், மெச்னிகோவ் நம்பிய அந்தப் பல்கேரிய பாக்டீரியா குடலில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. வந்துவிட்டுப் போகும் விருந்தாளி. குடலில் காவல் இருக்க முடியும் என்று அவர் நினைத்தது சரி. அந்தக் காவலர்களை வெளியிலிருந்து அழைத்துவர வேண்டும் என்று நினைத்ததுதான் தப்பு. அவர்கள் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறார்கள். பயறு, கீரை, பழம், முழுதானியம் என்று அவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டியது மட்டும் நம் பொறுப்பு.