பாட்டன் பெயரைப் பதித்த பேரன்

பெரியோர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவர்தம் ஊரையும் தாய் தந்தையரையும் முதலிற் கூறிவிட்டு, அதன்பின் அவர் ஆற்றிய பணிகளுக்குச் செல்வது மரபு. பண்டிதர் அயோத்திதாசரின் வரலாற்றிலோ அந்த முதல் வரியிலேயே வழக்கு எழுந்துவிடுகின்றது. 1845ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் பிறந்தார் என்பதில் நூல்கள் பெரிதும் ஒத்துப்போகின்றன. எங்குப் பிறந்தார் என்று கேட்டால், சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி என்று ஒரு நூல் கூறும். கோயம்புத்தூர் மாவட்டம் என்று மற்றொரு நூல் கூறும்.

இம்முரண்பாட்டைக் கண்டு இளைஞர்கள் மலைக்க வேண்டியதில்லை. பண்டிதரின் இளமை நீலகிரியில் கழிந்தது. இன்று தனி மாவட்டமாக உள்ள நீலகிரி, 1868ஆம் ஆண்டில்தான் கோயம்புத்தூரிலிருந்து பிரிக்கப்பட்டது. ஆகவே வளர்ந்த இடத்தையே பிறந்த இடமாகக் கொண்டு யாரோ ஒருவர் கோயம்புத்தூர் என எழுதியிருக்கலாம் என்பது நம் எண்ணம். ஓர் ஊர்ப்பெயரை ஆவணத்தில் காணும்போது, அந்த ஆண்டில் அவ்வூர் எந்த எல்லைக்குள் இருந்தது என்று பார்ப்பது நல்லது.

அடுத்த சிக்கல் பெயரில் இருக்கிறது. பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழும் மருத்துவமும் கற்பித்த வல்லக்காளத்தி அயோத்திதாசக் கவிராச பண்டிதரின் மீது கொண்ட பற்றினால், ஆசிரியரின் பெயரையே மாணவர் தம் பெயராக ஏற்றார். அயோத்திதாசர் என்ற பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பழைய ஏடுகளைத் தேடுவோர், ஆசிரியரையே மாணவராகக் கருதி ஏமாறவும் கூடும். தந்தை பெயர் கந்தசாமி என்று வரலாற்றாசிரியர் எழுதுவர்.

தந்தையைவிடப் பாட்டனாரைப் பற்றியே நமக்கு மிகுதியான செய்தி கிடைக்கிறது. அதனைத் தந்தவர் பேரனே. பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலத் துரையிடம் பட்லராக இருந்தார். அவர் வீட்டில் திருக்குறளும் நாலடியாரும் ஓலைச்சுவடிகளாக இருந்தன. அவற்றை அவர் எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்றும், அவையே பின்னர் அச்சேறின என்றும் பண்டிதர் தம் இதழில் எழுதினார்.

இதனை வெறும் குடும்பப் பெருமை என்று தள்ளிவிட முடியுமா? ஒப்பிட்டுப் பார்ப்போம். திருக்குறள் மூலம் முதன்முதலாகத் தமிழ் எழுத்தில் அச்சானது 1812ஆம் ஆண்டில், சென்னையில். பதிப்பித்தவர் தஞ்சை மலையப்ப பிள்ளையின் மகன் ஞானப்பிரகாசன். அந்நூலில் குறளுடன் நாலடியாரும் சேர்ந்தே அச்சிடப்பட்டது. பண்டிதரின் குடும்பச் செய்தி கூறுவதும் அதே இரண்டு நூல்களைத்தான்! எல்லிஸ் 1810 முதல் சென்னையின் கலெக்டராக இருந்தவர், குறளில் தோய்ந்தவர், 1818இல் இராயப்பேட்டையில் வெட்டுவித்த கிணற்றுக் கல்வெட்டிலும் குறளை எடுத்தாண்டவர். அத்தகையவரிடம் ஓலை சென்றது என்பது பொருந்தாத செய்தியன்று. ஆயினும் அக்காலப் பதிப்புகள் பல ஏடுகளை ஒப்பிட்டுப் புலவர்கள் திருத்தியவை. எனவே கந்தப்பனின் சுவடியால் மட்டுமே குறள் நமக்குக் கிடைத்தது என்று மேடைகளில் முழங்குவது மிகை. அவர் சுவடியும் அவ்வழியில் சேர்ந்தது என்பதே போதிய பெருமை.

இங்கும் ஆவணங்கள் முரண்படுகின்றன. துரையின் பெயரை ஆரிங்டன் என்பர் சிலர், ஹாரிங்டன் என்பர் சிலர், ஆர்லிங்டன் பிரபு என்று அவரை உயர்த்தியும் விடுவர் சிலர். அத்துரை உதகமண்டலத்தில் வாழ்ந்தார் என்றும் சில நூல்களில் காண்கிறோம். எல்லிஸ் இறந்தது 1819 மார்ச்சு மாதத்தில். கலெக்டர் சலிவன் நீலகிரி மேல் முதன்முறை ஏறியதே அந்த ஆண்டின் சனவரியில்தான். உதகையில் ஆங்கிலேயர் குடியேறியது அதற்கும் பின்னர். ஆகவே ஓலை கைமாறிய இடம் உதகை ஆகாது. சென்னைப் பட்டணமே பொருந்தும். பாட்டனின் பட்டணமும் பேரனின் மலையும் பிற்காலத்தார் கையில் ஒன்றாகக் கலந்துவிட்டன.

புதுச்சேரிப் பகுதியில் வாழும் நமக்கு இத்தகைய குழப்பம் புதியதன்று. பிரெஞ்சு ஆட்சியில் 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணைப்படி, தம் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிய குடும்பப் பெயர் ஒன்றைப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. சாதிக் கட்டிலிருந்து விடுபடும் வழியாக நம் மக்களிலும் பலர் அதனை ஏற்றனர். விளைவு யாதெனில், பாட்டனார் பதிவில் தமிழ்ப் பெயருடனும் பேரர் பிரெஞ்சுப் பெயருடனும் நிற்பர். இருவரையும் இணைக்கும் தாள் ஒன்று தொலைந்தால் உறவே தொலைந்தது போலாகும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் சளைத்ததன்று. சூன் மாதத்தில் பிறந்தோர் அதில் எத்துணைப் பேர் என்று எண்ணிப் பார்த்தால், பெற்ற தாயைவிடச் சேர்த்த ஆசிரியரே பிறந்தநாளை முடிவு செய்தது விளங்கும். ஆசிரியர் பணியில் இருக்கும் நாம் இதனைச் சொல்லச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தம் பாட்டனாரின் பெயரைக் காத்த பண்டிதர், மற்றொருவரின் பெற்றோரைப் பற்றியும் நெடுங்காலம் வழக்காடினார். அவர் திருவள்ளுவர். ஆதி என்னும் தாழ்த்தப்பட்ட பெண்ணுக்கும் பகவன் என்னும் பார்ப்பனருக்கும் வள்ளுவர் பிறந்தார் என்ற கதை அந்நாளில் குறட் பதிப்புகளிலும் இடம் பெற்றிருந்தது. 1892இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் மகாசன சபை கூடியபோது நம் மக்களுக்குக் கோயில் நுழைவுரிமை கேட்டவர் பண்டிதர். அப்போது வள்ளுவரின் பிறப்பைப் பற்றிய பேச்சும் எழுந்தது. பார்ப்பனத் தந்தையின் வித்தினால்தான் வள்ளுவர் அறிவாளியானார் என்றால், இந்நாளில் தேர்வுகளில் தேறிவரும் நம் பிள்ளைகளுக்கு யார் தந்தை என்று அவர் திருப்பிக் கேட்டார். அவையில் விடை வரவில்லை. பின்னாளில் அவர் தம் ஆய்வின் வழி, வள்ளுவர் கச்சன் என்னும் அரசனுக்கும் உபகேசி என்னும் அரசிக்கும் பிறந்தவர் என்றும், குறள் பௌத்த நூலே என்றும் நிறுவ முயன்றார். அம்முடிவை நாம் அப்படியே ஏற்க வேண்டும் என்பதில்லை. அதற்கு அவர் காட்டும் சான்றுகள் கந்தப்பன் செய்திக்குரிய சான்றுகளைப் போல் வலிமையானவை அல்ல. ஆனால் ஒரு பெரியவரின் அறிவைத் தாயிடமிருந்து பறித்து, கற்பனைத் தந்தை ஒருவருக்கு உரிமையாக்கும் கதையை எதிர்த்தாரே, அதில் அவர் சிறிதும் பிழைபடவில்லை.

ஏனைய பணிகளை ஊரறியும். 1891இல் திராவிட மகாசன சபையை நிறுவினார். 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். பஞ்சமர் பள்ளித் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமியாரும் உடன் சென்றார். அவ்வாண்டே இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் எழுந்தது. சித்த மருத்துவராய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே, 1907 சூன் 19 முதல் ஒரு பைசாத் தமிழன் என்ற வார இதழை நடத்தினார்; ஓராண்டுக்குப் பின் அது தமிழன் எனப் பெயர் பெற்றது. இரட்டைமலை சீனிவாசனாரின் தமக்கை என்றும் தங்கை என்றும் இருவேறாக எழுதப்படும் தனலட்சுமி அம்மையார் அவர் துணைவியார். அந்த அம்மையாரின் உறவுமுறையிலும் நூல்கள் ஒன்றுபடாததைக் காண்க. பண்டிதர் 1914 மே 5ஆம் நாள் மறைந்தார்.

அதன்பின் பல ஆண்டுகள் அவர் பெயர் பாடநூல்களில் இல்லை. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளராய் வாழ்ந்த பௌத்தக் குடும்பங்கள் அவர் எழுத்துகளைக் கைவிடவில்லை. 1926இல் அங்கேயே தமிழன் மீண்டும் வெளிவந்தது. பழைய இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றோர் அரிதின் முயன்று சேர்த்து வைத்தனர். 1999இல் ஞான. அலாய்சியஸ் பதிப்பில் பாளையங்கோட்டையிலிருந்து அவ்வெழுத்துகள் பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. துரை வீட்டுப் பட்லராக இருந்த கந்தப்பனின் பெயரும் அத்தொகுதியில், பேரன் எழுதிய வரியில் இருக்கிறது.