படைத்தலைவியின் தாய்

மட்டக்களப்பு வாவி கடலொடு கலக்கும் முகத்துவாரத்தில் நின்று கிழக்கே நோக்குவோர்க்கு நீர்ப்பரப்பு ஒன்றே தெரியும். அந்நீரின் அடியில் ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கின்றது. 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆம் நாள், திருகோணமலைத் துறையை விட்டு வெளியேறியிருந்த அக்கப்பலை யப்பானிய விமானங்கள் குண்டு வீசி மூழ்கடித்தன. 300க்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த யப்பானியரின் துணையோடு எழுந்த படையொன்றிலே மறு ஆண்டில் ஒரு தமிழ்த் தந்தையின் மகள் சேர்ந்தார். கப்டன் லட்சுமி என்றால் அறியாதார் இலர். அவரைப் பெற்ற அம்மு சுவாமிநாதன் அம்மையாரின் வரலாறு அத்துணைப் பரவலாக அறியப்படாதது.

அம்மையார் 1894 இல் மலையாள நாட்டு ஆனக்கரையில் பிறந்தவர். பெருங்குடும்பத்தின் கடைக்குட்டி. தந்தையாரை இளமையிலேயே இழந்தார். பள்ளிப் படிப்பும் வாய்க்கவில்லை. தந்தையாரிடம் முன்னர் உதவி பெற்றுக் கற்று, மேல்நாட்டுக் கல்வியும் முடித்துச் சென்னையில் வழக்கறிஞராய் விளங்கிய சுப்பராம சுவாமிநாதன் என்னும் தமிழ் அந்தணர், அந்த நன்றியை நினைந்து அவ்வீட்டிற் பெண் கேட்டு வந்தார். எஞ்சியிருந்த பெண் அம்மு ஒருத்தியே. வயது பதின்மூன்று அல்லது பதினான்கு. வந்தவர் இருபது ஆண்டுக்கு மேல் மூத்தவர். மணமகளோ நாணித் தலைகுனிந்து நிற்கவில்லை, நிபந்தனை விதித்தார்! நகரத்தில் வாழவேண்டும், ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியை வேண்டும், வெளியே சென்றால் எப்போது திரும்புவாய் என்று ஒருவரும் வினவலாகாது. தமையன்மாரை எவரும் அவ்வாறு வினவுவதில்லையே என்பது அச்சிறுமியின் நியாயம். சுவாமிநாதன் யாவற்றிற்கும் இசைந்தார். சாதி கடந்த அத்திருமணத்தை இரு சமூகத்தாரும் உவக்கவில்லை.

இந்த மூன்றாம் நிபந்தனையை வாசகர் மறவாதிருத்தல் வேண்டும்.

ஆண்மக்கள் இருவர், பெண்மக்கள் இருவர் பிறந்தனர். மூத்த மகள் லட்சுமி பிறந்தது 1914 அக்டோபர் 24 ஆம் நாள். ‘எம்டன்’ என்னும் செர்மானியக் கப்பல் சென்னையைக் குண்டுகளால் தாக்கி ஒரு மாதமே கழிந்திருந்தது. இளையவர் நடனக்கலையிற் புகழ்பெற்ற மிருணாளினி. 1917 இல் சென்னையில் இந்திய மாதர் சங்கம் தோன்றியபோது அதனை நிறுவியோருள் அம்மையாரும் ஒருவர். 1930 இல் கணவர் மறைந்தார். அம்மையார் காங்கிரசுப் பணியில் முழுவதும் ஈடுபட்டார். 1942 இல், ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தின்போது, வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார்.

மகள் 1938 இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்று, 1940 இல் சிங்கப்பூர் சென்று ஏழைத் தொழிலாளர்க்கு மருத்துவம் செய்துவந்தார். 1942 பெப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் யப்பானியர் கைப்பட்டது. 1943 சூலையில் அங்கு வந்த சுபாஷ் சந்திரபோஸ் மகளிர்படை ஒன்று அமைக்க விரும்பியபோது லட்சுமி முன்வந்தார். சான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் அவ்வாண்டு அக்டோபர் 22 இல் தொடங்கிற்று. மலாயா இறப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்களின் பெண்கள் மிகப்பலர் அதில் துவக்கேந்தினர். அவருள் பலர் இந்திய மண்ணைக் கண்ணாற் கண்டதுமில்லை.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. காந்தியடிகளின் வழியில் நின்று அகிம்சையைப் போற்றிச் சிறை புகுந்த தாய், மகள் ஆயுதம் ஏந்தியதைக் கண்டு மகிழ்தல் இயலுமோ? புறநானூற்றுத் தாயை நாம் வகுப்பறையிற் பாராட்டுகின்றோம். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய அவள், ஒரே மகனின் கையில் தானே வேலைக் கொடுத்துக் களத்துக்கு விடுத்தாள். அம்மு அம்மையார் வேல் ஏதும் கொடுத்தவரல்லர், மகளை விடுத்தவருமல்லர். அவர் கொடுத்தது வேறொன்று. எங்குச் செல்கின்றாய், எப்போது திரும்புவாய் என்று கேளாத ஒரு வீட்டை அவர் கொடுத்தார். மகள் சென்ற தொலைவு தாய் எண்ணிய தொலைவினும் மிகுதியாயிற்று என்பதே என் கருத்து. 1983 முதல் 2009 வரை போரின் நிழலில் மக்களை வளர்த்த இவ்வாவிக்கரைத் தாய்மார், இத்தகைய பெருமையில் எத்துணை அச்சம் கலந்திருக்கும் என்பதை என்னினும் நன்கு அறிவர்.

படை தோற்றது. 1945 இல் பர்மாவிற் பிரித்தானியரிடம் சிறைப்பட்ட லட்சுமி, 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அதற்குள் செங்கோட்டை வழக்கு நாட்டையே கொதித்தெழச் செய்திருந்தது. தாயின் கட்சியே அவ்வீரர்க்காக வழக்காட முன்வந்தது. புலாபாய் தேசாய் வாதித்தார். அகிம்சை நெறியினரும் படை வீரரும் ஒரே மேடையில் மாலை சூடிய காலம் அது. அவ்வழக்கில் நின்ற மூவருள் ஒருவரான பிரேம் சேகலை லட்சுமி 1947 மார்ச்சில் இலாகூரில் மணந்தார்.

மகள் திரும்பிய ஆண்டின் இறுதியிலேயே தாய் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தார். அச்சபையில் இருந்த பெண்கள் 15 பேரே. 1949 நவம்பரில் அங்கு உரையாற்றியபோது பெண்களின் சம உரிமையைப் போற்றிய அம்மையார், அரசியற் சட்டம் அளவு மீறிப் பருத்துவிட்டது என்றும் குறைப்பட்டுக்கொண்டார். கைப்பையில் இட்டுச் செல்லத்தக்க சிறு நூலையே தாம் எதிர்பார்த்ததாகக் கூறினார். பள்ளி சென்றறியாத ஒருவர், சட்ட வல்லுநர் நிறைந்த சபையில் இதனைக் கூறத் துணிந்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1952 தேர்தலில் திண்டுக்கல் தொகுதி அவரை மக்களவைக்கு அனுப்பிற்று.

1978 இல் அம்மையார் மறைந்தார். மகள் கான்பூரிலே, மூப்பெய்திய பின்னரும், ஏழைப் பெண்களுக்கு மருத்துவம் செய்துகொண்டிருந்தார். 2012 இல் தமது 97 ஆம் வயதில் காலமானார்.