மணலில் விரலால் எழுதியவர்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு பஸ்ல போயிருக்கீங்களா? வழியெல்லாம் கருவேலங்காடு, மழை வந்தா மட்டும் நிறையுற கண்மாய். அந்தத் திருச்சுழியில் 1879 டிசம்பர் 30-ம் தேதி பிறந்தவர் வேங்கடராமன். நாம ரமண மகரிஷினு சொல்றோமே, அவர்தான். அவரை ஆன்மிகவாதியா உங்களுக்குத் தெரியும். இப்போ நாம பார்க்கப்போறது அவரோட எழுத்தை!

12 வயசுல அப்பா இறந்துட்டார். மதுரையில் சித்தப்பா வீட்டில் இருந்து படிச்சார். ஞாபகசக்தி பிரமாதம், ஆனா, பாடத்தில் மனசு ஒட்டலை. 1896 ஆகஸ்ட் 29. ஆங்கில இலக்கணப் பாடத்தை 3 முறை எழுதணும்னு இம்போசிஷன். ரெண்டு முறை எழுதினவர், மூணாவது முறை நோட்டைத் தள்ளிவெச்சுட்டார். அண்ணன் திட்டினார். அன்னிக்கே வீட்டைவிட்டுக் கிளம்பிட்டார்.

கிளம்பும்போது ஒரு சின்னக் கடிதம் எழுதிவெச்சார். தன்னைத் தேட வேண்டாம், அண்ணனோட காலேஜ் ஃபீஸ் இன்னும் கட்டலை, மிச்சம் 2 ரூபாய் இதோட இருக்குனு அதில் சொல்லியிருந்தார். கையெழுத்துகூடப் போடலை. இம்போசிஷனை முடிக்காத அதே கை, தான் சொல்ல நினைச்சதை மட்டும் சில வரியில் எழுதி முடிச்சிருச்சு.

செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். அப்புறம் பேச்சே நின்னுபோச்சு. அவருக்குப் பேச்சுக் குறைபாடு எதுவும் இல்லை, பேசலை, அவ்வளவுதான். 1898-ல் அம்மா அழகம்மாள் தேடி வந்து, வீட்டுக்கு வந்துடுப்பானு அழுதாங்க. மகன்கிட்ட பதிலே இல்லை. பக்கத்தில் இருந்த ஒருத்தர் பேப்பரும் பென்சிலும் கொடுத்து, எழுதியாவது சொல்லுங்கனு கேட்டார். எழுதினார். விதிப்படிதான் எல்லாம் நடக்கும்ங்கிற பதில். அம்மாவுக்கு வலிச்சிருக்கும். ஆனா, முதல்முறையா ஒரு பதில் கிடைச்சது.

அப்புறம் சிவப்பிரகாசம் பிள்ளைனு ஒரு வருவாய்த்துறை ஊழியர் வந்தார். நான் யார்னு ஆரம்பிச்சு வரிசையா கேள்வி கேட்டார். ரமணர் மணல்ல விரலால் எழுதினார், சிலேட்டில் எழுதினார். பிள்ளை பொறுமையா உட்கார்ந்து படிச்சுக் குறிச்சுவெச்சார். அதுதான் 1923-ல் `நான் யார்?' புத்தகமா வந்தது. மணல் எழுத்து கலைஞ்சிருக்கும். காத்திருந்த ஒருத்தரால அது மிஞ்சியது.

ரமணர் பேசாம இருந்தது அவராவே. ஆனா, பேச்சு வராதவங்க, திக்குறவங்க, எழுத்து கூட்டத் திணறுறவங்க உங்க வீட்டிலோ வகுப்பிலோ இருக்கலாம். அவங்களுக்கு வேண்டியதும் இந்த ரெண்டுதான்: எழுத ஒரு இடம், காத்திருக்க ஒரு ஆள். இடம் உங்க போன்லயே இருக்கு. நோட்ஸைத் திறந்து அவங்க கையில் கொடுங்க. அவங்க டைப் பண்ணும்போது குறுக்கே பேசாதீங்க, எழுத்துப்பிழையைத் திருத்தாதீங்க. எவ்வளவு நேரமானாலும், முடிக்கிற வரைக்கும் பக்கத்துல உட்காருங்க.